நாற்பத்தேழு வயதில் லொறி



போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். அஸருக்குப் பிறகு முற்றத்தில் காயப்போட்டிருந்த மிளகாயை அள்ளிக்கொண்டிருந்தேன். அடுத்த வளவுத் தங்கச்சி வந்து வேலி ஓரமாக நின்றாள். முகம் சரியில்லை.

“தாத்தா, எங்கட அவருக்கு என்னமோ புத்தி மாறிப் போச்சு.”

“ஏன் புள்ள, என்ன நடந்த?”

“லொறி ஓட்டப் போறாராம். நாப்பத்தேழு வயசில! அதுவும் தம்புள்ளையில இருந்து கொழும்புக்கு, ராவு ராவா. நீங்களாவது ஒருக்கா செல்லிப் பாருங்கோ.”

மிளகாய்ப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அவளை உள்ளே கூட்டிவந்து இருத்தினேன். பிளேன்டீ குடித்து முடியுமுன் மூன்று காரியங்களைச் சொன்னாள். அந்த மூன்றையும் இங்கே எழுதுகிறேன். இதை வாசிக்கும் உங்களில் எத்தனை பேருடைய வீட்டில் இதே கதை நடக்கிறதோ, யார் கண்டது?

அவளது கணவர் சந்தியில் சிறிய செருப்புக் கடை வைத்திருந்தவர். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வியாபாரம் விழுந்தது. 2020இல் கொரோனா வந்து மாதக்கணக்கில் கதவு பூட்டிக் கிடந்தது. மீண்டும் எழும்பலாம் என்று பார்த்தால் 2022இல் சாமான் விலை ஏறிய ஏற்றத்தில் வாங்குவாரும் இல்லை, வாங்கி விற்க முதலும் இல்லை. கடன்காரர்களுக்கு இருந்த சரக்கைக் கொடுத்துக் கணக்கை முடித்தார். அதன்பிறகு சொந்தக்காரர் ஒருவருடைய சிறிய வேனில் சாமான் ஏற்றி இறக்கிக் காலம் ஓடுகிறது. இப்போது மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் முதலாளி ஒருவர், “கனரக லைசன் எடுத்துக்கிட்டு வாங்க, லொறி தாறேன்” என்று சொல்லியிருக்கிறார்.

தங்கச்சியின் முதலாவது கவலை, மானம். “கடைக்காரர் வீடு எண்டு இருந்த வீடு. இனி லொறிக்காரர் வீடு. மூத்தவளுக்கு நாளைக்கு ஒரு பேச்சு வந்தா, வாப்பா என்ன செய்ற எண்டு கேப்பாங்களே.”

இரண்டாவது, பயம். “கடுகண்ணாவை ஏத்தத்தில லொறி பெரண்டு கிடக்கிறத நாங்க காணாததா?”

மூன்றாவதை எழும்பிப் போகும்போது வாசற்படியில் நின்றுகொண்டுதான் சொன்னாள். “இன்னொண்டு தாத்தா, அவருக்குச் சீனி வருத்தம் ஈக்குதே. மெடிகலுக்குப் போனா அதச் செல்ல மாட்டாராம். என்னையும் வாயத் திறக்க வாணாம் எண்டு செல்லிட்டார்.”

எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. முதல் இரண்டும் பேசித் தீர்க்கக் கூடியவை. மூன்றாவது அப்படியல்ல. ஏனென்றால் அந்தக் கதையை நான் வளர்ந்த வீட்டிலேயே பார்த்தவள்.

சகோதரிகளே, என் வாப்பாவும் பிந்தித்தான் லொறிக்குப் போனவர். நாற்பத்தொரு வயது வரை புறக்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கெழுதினார். 1974இல் கடை மூடுப்பட, பழைய பெட்போர்ட் லொறி ஒன்றில் சாரதியாக ஏறினார். கொழும்பிலிருந்து ஹபரணை, பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்குப் பலசரக்கு போகும். திரும்பி வரும்போது நெல்லோ கருவாடோ வரும். ஐந்து பிள்ளைகளும் அந்த லொறியில்தான் சாப்பிட்டு, படித்து, ஆளானோம். ஊரில் எங்களை “லொறிக்கார வீட்டுப் புள்ளைகள்” என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரோடுதான் எனக்கு மாப்பிள்ளையும் வந்தது. எனவே தங்கச்சியின் முதலாவது கவலைக்கு நான் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. “என்னப் பாரு புள்ள” என்றால் போதும்.

ஆனால் வாப்பாவிடம் ஒரு குறை இருந்தது. மஃரிப் நேரமானால் கண் மங்கும். குடத்தடியில் கோப்பையைத் தடவித்தான் எடுப்பார். உம்மாவுக்கு அது தெரியும். வெளியே சொன்னால் முதலாளி நிற்பாட்டி விடுவார், அடுப்பு எரியாது என்று உம்மா வாயை மூடிக்கொண்டிருந்தார்.

1979இல் ஓர் இரவு, ஹபரணைக்கு இந்தப் பக்கம், எதிரே வந்த வாகனத்தின் வெளிச்சம் கண்ணில் அடித்ததும் வாப்பாவுக்குப் பாதை தெரியவில்லை. லொறி கரையில் இறங்கி மரத்தில் மோதியது. வாப்பாவுக்குச் சிறு காயந்தான். பக்கத்தில் இருந்த கிளீனர் பொடியனுக்கு ஒரு கால் போனது. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது.

வாப்பா பிறகு லொறியைத் தொடவேயில்லை. உம்மா மௌத்தாகும் வரை ஒவ்வொரு நோன்புக்கும் அந்தப் பொடியனுடைய வீட்டுக்கு அரிசியும் துணியும் அனுப்பிக்கொண்டேயிருந்தார். கடைசிக் காலத்தில் படுக்கையில் இருந்துகொண்டு என்னிடம் சொன்னது இதுதான்: “அண்டைக்கி நான் முதலாளிக்கிட்ட ஒரு வார்த்த செல்லீந்தா, நாங்க பட்டினி கிடந்தீப்போம். அவன்ட கால் ஈந்தீக்கும்.”

தங்கச்சியைத் திரும்ப உள்ளே கூட்டிவந்து இதைச் சொன்னேன். அவள் அழுதாள். அழுது முடித்தபின் நாங்கள் இருவரும் பேசியவற்றைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் லைசன் விசயம். நமது நாட்டில் கார், வேன் ஓட்டும் அனுமதிப்பத்திரத்தைக் காட்டி லொறியில் ஏற முடியாது. மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரையான லொறிக்கு ‘சீ-வன்’ என்ற வகுப்பு. அதற்கும் மேற்பட்ட பெரிய லொறிக்கு ‘சீ’. பின்னால் ட்ரெய்லர் பூட்டிய கொண்டெய்னர் வாகனத்துக்கு ‘சீ-ஈ’. மொத்த எடை என்பது லொறியும் அதில் ஏற்றக்கூடிய சுமையும் சேர்ந்தது. இலகு வாகன லைசன் எடுத்து இரண்டு வருடமாவது சென்ற பிறகே கனரக வாகனத்துக்கு விண்ணப்பிக்கலாம். பரீட்சகருக்கு முன் ஓட்டிக் காட்டித் தேறவும் வேண்டும். கனரக லைசனின் ஆயுள் நான்கு வருடந்தான். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். நாற்பத்தேழு வயது என்பதற்காகக் கதவை மூடமாட்டார்கள். பார்ப்பது உடலைத்தான்.

அந்தச் சான்றிதழைத் தருவது தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகம். தலைமையகம் நுகேகொடையில் இருக்கிறது, மாவட்டங்களிலும் கிளைகள் உண்டு. கண் பார்வை, காது, இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து, என்ன வருத்தம், என்ன மருந்து என்றும் கேட்பார்கள். நமது ஆண்கள் அங்கேதான் பொய் சொல்கிறார்கள். “சீனி என்று சொன்னால் வெட்டிவிடுவார்கள்” என்ற பயம்.

சகோதரிகளே, சீனி வருத்தம் உள்ளவர்களெல்லாம் வாகனம் ஓட்டக் கூடாது என்றில்லை. கட்டுப்பாட்டில் இருக்கிறதா, என்ன மருந்து எடுக்கிறார், கண்ணிலும் காலிலும் அது கை வைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. கண்ணுக்குள் இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சீனி மெதுவாகக் கெடுக்கும். பாதத்தின் உணர்ச்சி குறைந்தால் பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதே தெரியாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகைக் குளிசை எடுக்கிறவர்களுக்கும் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சீனி திடீரென்று இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சுத் தடுமாறும், அறிவு மங்கும். வீட்டில் இருந்தால் ஒரு கோப்பை சீனித் தண்ணீரோடு போய்விடும். பத்துத் தொன் சாமானோடு இறக்கத்தில் வரும்போது அப்படி நடந்தால்? டொக்டரிடம் மறைத்தால் நாம் டொக்டரை ஏமாற்றவில்லை. பாதையில் நடந்து போகும் யாரோ ஒரு பிள்ளையை ஏமாற்றுகிறோம்.

ஆகவே தங்கச்சிக்குச் சொன்னேன்: “மெடிகலுக்குப் போறதுக்கு முந்தி ரெண்டு பேரும் கிளினிக்குக்குப் போங்கோ. மூணு மாசச் சீனியின் சராசரியைக் காட்டுற ரத்தப் பரிசோதனை ஈக்குது, அதச் செய்யுங்கோ. கண்ணையும் காட்டுங்கோ. லொறி ஓட்டப் போறாரெண்டு டொக்டருக்கிட்டத் தெளிவாச் செல்லுங்கோ. அவர் செல்றத வெச்சு முடிவெடுங்கோ.”

அடுத்தது, அவளது இரண்டாவது கவலை. கடுகண்ணாவை.

பயம் நல்லதுதான். பயப்படாத சாரதிதான் பயங்கரம். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிய வேண்டும். சுமை லொறி ஏற்றத்தில் திணறுவதைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். ஆபத்து ஏற்றத்தில் குறைவு, இறக்கத்தில்தான் கூட. நீண்ட இறக்கத்தில் காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தால் சில்லுக்குள் இருக்கும் பிரேக் சூடேறி, ஓர் அளவுக்குமேல் பிடிக்கவே பிடிக்காது. பிறகு எவ்வளவு மிதித்தும் பயனில்லை. “பிரேக் விட்டுட்டுது” என்று பத்திரிகைகளில் வாசிப்போமே, அதில் பல இப்படி நடந்தவைதான். பழைய சாரதிகள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு. கியரை இறக்கம் தொடங்குமுன்னே மாற்றிவிட வேண்டும். நடு இறக்கத்தில் மாற்றப் போனால் கியர் விழாமல் லொறி தன்பாட்டில் ஓடும். சின்ன கியரில் விட்டால் என்ஜினே லொறியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை இடையிடையே தொட்டு விட்டால் போதும். வாப்பா மஹியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவிலும் இப்படித்தான் இறக்குவார் என்று நாநாமார் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இன்றைய பெரிய லொறிகளுக்குக் காற்றுப் பிரேக். காலையில் என்ஜினை இயக்கி, மீற்றரில் காற்று நிறையும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு எடுக்கக் கூடாது. வளைவில் பின் சில்லு முன் சில்லின் தடத்தில் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். இடது பக்கத்தில் ஒட்டி வரும் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தெரியாமல் போகும் இடமும் உண்டு. சாமானை உயரமாக ஏற்றினால் வளைவில் சாயும். கயிறு தளர்ந்தால் படங்குக்குள்ளேயே சுமை நகரும். இவையெல்லாம் கார் ஓட்டியவருக்குப் புதிது. இருபது வருடம் வேன் ஓட்டினேன் என்று சொல்லிக்கொண்டு ஏறுகிறவருக்கு இருபது வருடப் பழக்கமே எதிரி.

இதில் வயது கூடியவருக்கு ஒரு நன்மையும் உண்டு. இருபத்திரண்டு வயதுப் பொடியன் முன்னால் போகும் பஸ்ஸை முந்தப் பார்ப்பான். நாற்பத்தேழு வயதுக்காரருக்கு வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று தெரியும். பொறுமை லைசனில் எழுதப்படாத தகுதி.

ஆனால் அதே வயதுக்காரருக்கு நித்திரையைத் தாங்கும் சக்தி குறைந்து போயிருக்கும். இது எல்லாவற்றையும் விட முக்கியம். மரக்கறி லொறி இரவில்தான் ஓடும். மாலையில் தம்புள்ளையில் ஏற்றினால் விடியுமுன் பேலியகொடைச் சந்தையில் இறக்க வேண்டும். நள்ளிரவிலிருந்து சுபஹு வரையான நேரமும், பகல் சோற்றுக்குப் பிந்திய இரண்டு மூன்று மணியும் உடம்பு தானாகச் சாயும் நேரங்கள். கண்ணாடியை இறக்கிவிடுவது, றேடியோவைக் கூட்டி வைப்பது, வெற்றிலை போடுவது எல்லாம் நித்திரையை ஏமாற்றும் வேலை. நித்திரைக்கு மருந்து நித்திரைதான். கொட்டாவி தொடர்ந்து வந்தால், கடந்து வந்த சந்தி ஞாபகமில்லை என்றால், லொறியைக் கரையில் நிறுத்தி இருபது நிமிடம் கண்ணை மூட வேண்டும். கோப்பியும் தேநீரும் குடித்தவுடனே வேலை செய்யாது, இருபது முப்பது நிமிடமாகும். குடித்துவிட்டுப் படுத்தால் எழும்பும்போது அது கைகொடுக்கும்.

இனி, நமது பங்கு. இரவெல்லாம் ஓடிவிட்டுக் காலையில் வரும் மனிதருக்குப் பகலில் நித்திரை வேண்டும். அந்த நேரத்தில்தான் நாம் அம்மி இடிப்போம், ரீவி போடுவோம், “கரண்ட் பில் கட்டிட்டு வாங்கோ” என்போம். நான் சிறுவயதில் உம்மா ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு, எங்களை வளவின் மறுகோடிக்கு விரட்டியது இன்னும் ஞாபகம். அது அன்புக்காக மாத்திரம் செய்ததல்ல, பாதுகாப்புக்காகவும் செய்தது.

ஓடும் நேரத்தில் கோல் எடுக்காதீர்கள். “எங்க வாறீங்க?” என்று கேட்க நமக்கு அரை நிமிடம். அவருக்கு அந்த அரை நிமிடத்தில் லொறி நூற்றுக்கணக்கான யார் ஓடிவிடும். எங்கே நிறுத்துவாரோ அங்கிருந்து அவரே எடுக்கட்டும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

சாப்பாட்டுப் பொதி கட்டிக் கொடுங்கள். பாதையோரக் கடையில் கொத்தும் பொரித்ததும் சாப்பிட்டால் மூன்று மாதத்தில் வயிறும் பிரஷரும் கூடிவிடும். சிறுநீருக்கு நிறுத்த வேண்டும் என்று தண்ணீர் குடிக்காமல் ஓடுவது சாரதிகளின் பழைய பழக்கம். சிறுநீரகக் கல்லுக்கு அதுவே வழி. சீனிக்காரர் என்றால் கைக்கெட்டும் இடத்தில் குளுக்கோஸும் பிஸ்கட்டும் இருக்கட்டும். நோன்பு மாதத்தில் பிரயாணிக்கும் நோயாளிக்கும் மார்க்கம் தந்திருக்கும் சலுகையை நாம் ரோசத்துக்காகத் தள்ளிவிடக் கூடாது. டொக்டரிடமும் ஊர் ஆலிமிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

காசு விசயத்தில் ஒன்றே ஒன்று. லைசன் கையில் வந்த உடனே “சொந்த லொறி” என்ற ஆசை வரும். லீசிங்குக்காரர்களும் வருவார்கள். அப்போது நம் கழுத்தைப் பார்ப்பார்கள். சகோதரிகளே, முதல் ஒரு வருடமாவது அடுத்தவருடைய லொறியை ஓட்டட்டும். ஒரு கொப்பியை நீங்கள் வையுங்கள். ஹயர் எவ்வளவு, டீசல் எவ்வளவு, டயர், ரிப்பேர், சாரதியின் படி எவ்வளவு என்று முதலாளியின் லொறிக்கே கணக்கெழுதிப் பாருங்கள். மாதக் கட்டுப்பணம் போக மிச்சம் நிற்குமா என்று அந்தக் கொப்பி சொல்லும். 2022இல் டீசல் வரிசையில் நாள்கணக்காக லொறிகள் நின்றதைப் பார்த்தோம். ஹயர் நின்றாலும் தவணை நிற்காது. கடையை இழந்தவர் லொறியையும் நகையையும் சேர்த்து இழக்கக் கூடாது.

சரி, தங்கச்சி வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள்.

அன்றிரவு அவள் கணவரிடம் பேசினாள். முதலில் கோபித்தாராம், “தாத்தாகிட்டப் போய்ச் செல்லிட்டியா?” என்று. இரண்டு நாள் கதையில்லை. மூன்றாம் நாள் அவரே கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார், இவளும் கூடப் போனாள். இரத்தப் பரிசோதனை முடிவு நன்றாக இல்லை. கண்ணில் பழுதில்லை, அல்ஹம்துலில்லாஹ். “மூன்று மாதம் சாப்பாட்டைக் கட்டுங்கள், நடங்கள், மருந்தை ஒழுங்காக எடுங்கள். பிறகு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்” என்றிருக்கிறார் டொக்டர். முதலாளியிடமும் மறைக்காமல் சொல்லிவிட்டார். முதலாளி, “அது வரைக்கும் பகல் ஓட்டத்தில என்ட பழைய சாரதியோட உதவிக்குப் போங்க. சுமை கட்டப் பழகுங்க, பாதையப் பழகுங்க” என்றாராம். சம்பளம் குறைவு. வீட்டில் நெருக்கடிதான். தங்கச்சி இரவில் தையல் மெஷினை உருட்டுகிறாள்.

மூன்று மாதம் கழித்து டொக்டர் என்ன சொல்வார் என்று தெரியாது. சரியென்று சொல்லலாம், இரவு ஓட்டம் வேண்டாம் என்று சொல்லலாம், அடியோடு வேண்டாம் என்றும் சொல்லலாம். எது வந்தாலும் அது உண்மை சொல்லி வந்த பதில்.

முந்தாநாள் பின்னேரம் அவர் வீதியால் நடந்து போவதைக் கண்டேன், டொக்டர் சொன்ன நடை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “தாத்தா, நேத்து படங்கு கட்டினேன், ஒரு கயிறும் இளகல்ல” என்றார். செருப்புக் கடை பூட்டிய நாளிலிருந்து அந்த முகத்தில் நான் சிரிப்பைக் கண்டதில்லை.

உங்கள் வீட்டிலும் பிந்திய வயதில் ஒருவர் புதுத் தொழிலுக்குக் கால் வைக்கிறார் என்றால் அவரை ஊராருக்குப் பயந்து தடுக்காதீர்கள். ஹலாலான உழைப்பில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவரது உடம்பைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தால், அதை மூடி வைக்காதீர்கள். என் உம்மா மூடி வைத்தார். அதற்கு அவர் வாழ்நாள் முழுவதும் அரிசி அனுப்பினார்.

வீதியில் இருக்கும் எல்லாச் சாரதிகளையும், அவர்களுக்காக வீட்டில் விழித்திருக்கும் பெண்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.